கடைசிக் கட்டம்

கண்ணு,

ஆடிக் கிருத்திகைக்கு வந்தவள் காவடி பார்க்கப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்து லாக் புக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாய். தெருவில் புஷ்பக் காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. நீ நாற்பது பிள்ளைகளின் புத்தகத்தில் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். காபி கொண்டுவந்து வைக்கும்போது எட்டிப் பார்த்தேன். என்ன செய்தார், எந்தத் தேதியில், முதல் தடவையா மறு தடவையா, எதிர்பார்த்த அளவுக்குச் செய்தாரா, ஆசிரியரின் முடிவு என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில், ஃபீட்பேக் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். நீ ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே நாற்பது பேரும் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"என்ன பெரியம்மா பண்றது, போஸ்டிங் முடிஞ்சுபோச்சு" என்றாய். உன் கல்லூரி எது என்று எழுதமாட்டேன். 2019-ல் மருத்துவப் படிப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது நாடு முழுக்க வந்த கட்டம் அது. இப்படி நிரப்புகிறவள் நீ ஒருத்தி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் கூட்டம், ஒன்றும் சொல்லவில்லை. நீ கிளம்பிப் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது, உன் மேல் இல்லை, என் மேல். 1984-ல் இருந்து 2012-ல் ஓய்வுபெறும் வரை இருபத்தெட்டு வருஷம் வார்டில் பாடம் சொன்னேன். அதில் பாதிக் காலம் நானும் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டேன். அப்போது அப்படி ஒரு கட்டமே இல்லை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் நாளில் ஃபீட்பேக் இரண்டு விதமாக வரும்: திட்டாக, இல்லையென்றால் மௌனமாக. மௌனம் என்றால் பாஸ்.

நீ உதவிப் பேராசிரியராகி ஆறு மாதம்தான் ஆகிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை. எனக்குப் பட்டதை எண் போட்டு எழுதுகிறேன். முதலாவதைத் தவிர மற்றவற்றின் வரிசைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

1. முதலில் பார்.

பார்க்காத ஒன்றைப் பற்றி நீ என்ன சொல்வாய்? நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மாணவன் நோயாளியிடம் தனியாகப் போய்க் கேட்கிறான், தொட்டுப் பார்க்கிறான், எழுதிக்கொண்டு வந்து நம் முன்னால் ஒப்பிக்கிறான். நாம் திருத்துவதெல்லாம் அந்த ஒப்பிப்பை. அவன் கை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாது.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். கேஸ் சொன்னால் ஆகாசவாணிச் செய்தி மாதிரி இருக்கும். மண்ணீரல் இரண்டு விரல் தட்டுப்படுகிறது என்பான். கேஸ் ஷீட்டிலும் அதுவே எழுதியிருக்கும். நான் "குட்" என்பேன். அவன் ஹவுஸ் சர்ஜனாகி என் யூனிட்டுக்கே வந்தான். ஒரு ராத்திரி டியூட்டியில் தற்செயலாக அவன் பின்னால் போய் நின்றேன். குளிர்க்காய்ச்சலோடு வந்தவர், மலேரியா என்று சந்தேகம். பையன் நேராக இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினான். வலது அடிவயிற்றில் தொடங்கிக் குறுக்காக மேலே ஏறி வர வேண்டும், நோயாளி மூச்சை இழுக்கும்போது மண்ணீரல் தானே இறங்கி வந்து விரலில் முட்ட வேண்டும் என்று யாரும் அவனுக்குக் கைபிடித்துக் காட்டவில்லை. பெரிதாக வீங்கிய மண்ணீரலாக இருந்தால் அவன் கை அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், ஓரம் அகப்பட்டிருக்காது. இத்தனை நாள் கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நாலரை வருஷம், எத்தனையோ ஆசிரியர்கள், ஒருவரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. "குட்" சொன்னவள் நான்.

அமெரிக்காவில் ஜான் நார்சினி என்பவர் 1990களில் இதற்கு ஒரு முறை வகுத்தார். மினி சி.ஈ.எக்ஸ். என்று நீ படித்திருப்பாய். மாணவர் நிஜ நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் ஆசிரியர் கால் மணி நேரம் குறுக்கிடாமல் பார்க்கிறார். முடிந்ததும் அங்கேயே சில நிமிடம் பேசுகிறார். அவ்வளவுதான் அதன் சாரம். இதற்குக் கருவியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நம் தொழிலில் அது பெரிய கஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

நேரம் எங்கே என்பாய். கணக்குப் போடு. ஒரு பேட்சில் இருபது பேர், நாலு வாரப் போஸ்டிங், வேலை நாள் இருபத்துநாலு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தாலும் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிடுவாய். நாலு நாள் மிஞ்சும். அந்த நாலு நாளை யாருக்குக் கொடுப்பது என்று ஆறாவதில் சொல்கிறேன்.

2. செயலைச் சொல், ஆளைச் சொல்லாதே.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது என் பேராசிரியர் ஒருவர், கெட்டிக்கார மருத்துவர், பதினெட்டுப் பேர் முன்னால் "நீ வீட்டில் அரிசி புடைக்கத்தான் லாயக்கு" என்றார். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அவர் நின்ற இடம், சட்டைப்பையில் இருந்த பேனாவின் நிறம், எல்லாம் நினைவிருக்கிறது. நான் செய்த தப்பு என்ன என்பது மட்டும் நினைவில்லை. எதைத் திருத்த வந்தாரோ அது போய்விட்டது, அடி தங்கிவிட்டது.

1996-ல் குளூகர், டெநிசி என்று இரண்டு உளவியல்காரர்கள் ஃபீட்பேக் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடை போட்டார்கள். மொத்தத்தில் ஃபீட்பேக் நன்மைதான் செய்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அதைக் கொடுத்த பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போதுதான் பலன் கெடுகிறது என்றார்கள். "நீ மந்தம்" என்றால் அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? "அந்த அம்மா 'மார்ல என்னவோ' என்று தொடங்கினாள், அவள் முடிப்பதற்குள் சர்க்கரை இருக்கா என்று கேட்டாய்" என்றால் அடுத்த கட்டிலிலேயே மாற்றிக்கொள்ளலாம். "குட்" என்பதும் அதே கணக்குதான். எது குட் என்று தெரியாமல் தப்பையும் சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்வான், மண்ணீரல் பையனைப் போல.

ஜாக் எண்டே என்ற அமெரிக்க மருத்துவர் 1983-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் பெயர்பெற்றது. ஃபீட்பேக் என்ற கருத்து 1940களில் ராக்கெட் பொறியாளர்களிடம் உருவானது என்கிறார் அதில். பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாய் என்று ராக்கெட்டுக்குத் தெரிவிப்பது. ராக்கெட்டை யாரும் "உன் வம்சமே இப்படித்தான்" என்று திட்டுவதில்லை.

3. திருத்துவதற்கு முன் கேள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு பிள்ளையை அவமானப்படுத்தித் தெரிந்துகொண்டேன்.

நான் கும்பகோணத்துப் பெண், உன் பெரியப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருத்தணிக்காரி ஆனவள். இங்கே கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு என்பது உனக்குத் தெரியும். ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடியதில் 1960-ல் எல்லைக்கோடு நகர்ந்து ஊர் நம் பக்கம் வந்தது. கோடு நகர்ந்ததே தவிர, பேச்சு இரண்டு பக்கமும் அப்படியே நின்றது. நானோ சென்னையில் வேலை, பண்டிகைக்கு மட்டும் இங்கே வந்துபோகிற மருமகள். அப்போது எனக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை வராது.

1986 என்று ஞாபகம். நகரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வார்டில் சேர்ந்திருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கும். கேஸ் எடுத்தவனும் அந்தப் பக்கத்துப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். இரண்டு மாதமாக மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்தான். நான் நேராக அவளையே கேட்டேன். "ஆயாசங்கா உந்தம்மா" என்றாள். எனக்கு அது போதும். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. "நோயாளி களைப்பு என்கிறாள், நீ மூச்சுத்திணறல் என்று எழுதுகிறாய். புத்தகத்தில் இருக்கிற வியாதிக்கு ஏற்ற மாதிரி நோயாளியை வளைக்கிறாயா?" என்றேன். அவன் "மேடம், அது வந்து..." என்றான். "பேசாதே" என்றேன். கூட நின்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது இதை உன் பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கையில் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டு, "தெலுங்குல ஆயாசம்னாலே மூச்சு வாங்கறதுதான்" என்றார். அந்தப் பெண்ணுக்கு ருமாட்டிக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது. பையன் எழுதியதில் ஓர் எழுத்தும் பிசகில்லை.

மறுநாள் அவனைத் தாழ்வாரத்துக்குத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம்" என்றான். ஆனால் திட்டியது பன்னிரண்டு பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது ஆளில்லாத இடத்தில். அந்தப் போஸ்டிங் முடியும் வரை அவன் தானாக ஒரு பதிலும் சொல்லவில்லை. சிரித்த பன்னிரண்டு பேருக்கு நான் விஷயத்தைச் சொல்லவே இல்லை. அவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் ஆயாசத்தைக் களைப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்களோ.

அதற்குப் பிறகு, தப்பு என்று தோன்றினால் முதலில் "எதை வைத்து அப்படி எழுதினாய்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நிறையத் தடவை அவர்களே தம் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சில தடவை என் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாணவரை முதலில் பேசவிடு என்று இங்கிலாந்தில் பெண்டில்டனும் அவர் கூட்டாளிகளும் 1984-லேயே எழுதிவிட்டார்கள். பயிற்சி வகுப்புகளில் அதையும் இழுத்துச் சடங்காக்கி, முதலில் இனிப்பு, நடுவில் கசப்பு, கடைசியில் மறுபடி இனிப்பு என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பாதே. பிள்ளைகள் இரண்டாவது தடவையே பிடித்துவிடுவார்கள். நீ பாராட்டத் தொடங்கினாலே அடிக்குத் தயாராகித் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

4. நோயாளியின் காதில் விழுகிறது என்பதை மறக்காதே.

ஊசி போடப் பயந்த ஒரு மாணவியை, கட்டில் பக்கத்திலேயே வைத்துக் கடிந்துகொண்டேன். படுத்திருந்த தாத்தா உடனே கையை இழுத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு வேண்டாம்மா, நீயே போடு" என்றார். ஒரு நிமிடத்தில் அவளுடைய கையையும் கெடுத்தேன், அவருடைய நம்பிக்கையையும் கெடுத்தேன். நோயாளிக்குத் தீங்கு நேரும் என்றால் மட்டும் அந்த நொடியிலேயே கையைப் பிடித்து நிறுத்து. மற்றதெல்லாம் கைகழுவும் இடம் வரைக்கும் காத்திருக்கும். அதற்காகச் சாயந்திரம் வரை தள்ளிப்போடாதே. அதற்குள் நீயும் மறப்பாய், அவளும் மறப்பாள்.

ஒன்று மட்டும் கட்டில் பக்கத்தில் கேட்கலாம். "இந்தப் பிள்ளை கை வைச்சது வலிச்சுதா? சொன்னது புரிஞ்சுதா?" என்று நோயாளியைக் கேள். வெங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, "கை சில்லுனு இருந்துச்சும்மா, ஆனா சொல்லிட்டுத்தான் தொட்டுச்சு" என்றாள். நான் அரைமணி நேரம் பேசினாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

5. ஒன்றே ஒன்று சொல்.

பத்துத் தப்பு கண்ணில் படும். ஒன்றைச் சொல்லிவிட்டு ஒன்பதை விழுங்கு. விழுங்க முடியாவிட்டால் உன் நோட்டில் எழுதி வை. எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்கிறவர் தான் கவனித்ததைக் காட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

6. திரும்பிப் போய்ப் பார்.

ஒரு மாணவி ரத்த அழுத்தம் பார்க்கும்போது எடுத்தவுடன் ஸ்டெத்தை வைப்பாள். "முதலில் நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றை ஏற்று, நாடி எந்த அளவில் மறைகிறது என்று பார், அதற்கு அப்புறம் ஸ்டெத்" என்று காட்டிக் கொடுத்தேன். கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். நான் அதோடு மறந்தேன். ஐந்தாறு மாதம் கழித்துப் பரீட்சையில் பார்த்தால் பழையபடி எடுத்தவுடன் ஸ்டெத். முடிந்த பிறகு கேட்டேன். "ரெண்டு வாரம் நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் பண்ணேன். எல்லாரும் லேட் பண்றேன்னு சொன்னாங்க. நீங்களும் அப்புறம் கேக்கல, அவ்வளவு முக்கியம் இல்ல போலன்னு விட்டுட்டேன்" என்றாள். அவள்மேல் என்ன தப்பு? கேட்காமல் விட்டதன் மூலம் அது முக்கியமில்லை என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மிஞ்சிய நாலு நாளை இதற்குக் கொடு. யாரிடம் போன வாரம் ஏதாவது சொன்னாயோ அவர்களில் நாலு பேரை மறுபடி பார். லாக் புக்கில் மறு தடவை என்று எழுத இடம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். நாற்பது புத்தகத்திலும் "முதல் தடவை, முடிந்தது" என்றே இருந்ததைப் பார்த்தேன். முதல் தடவையிலேயே நாற்பது பேரும் சரியாகச் செய்யும் ஊர் எது என்று தெரிந்தால் நானும் அங்கே போய் வைத்தியம் பார்த்துக்கொள்வேன்.

7. இதமாகச் சொல்கிறேன் என்று மறைக்காதே.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைக் கவனித்திருக்கிறாயா? ஏறுகிறவன் எந்தப் படியில் நின்று கேட்டாலும் "வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்பார்கள். 365 படியில் அவன் நாற்பதாவதில் நிற்பான். நல்ல மனசுதான். ஆனால் கையிலிருக்கிற தண்ணீரை அங்கேயே குடித்து முடித்துவிடுவான்.

திட்டுவதை நிறுத்திய பிறகு சில வருஷம் நான் அப்படி ஆகிவிட்டேன். ஒரு பையனுக்கு நோயாளியிடம் கோர்வையாக நாலு கேள்வி கேட்க வராது. "போகப்போக வந்துடும்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இறுதித் தேர்வில் தோற்றான். அவன் அம்மா என் அறை வாசலில் வந்து நின்று, "முன்னாடியே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பானேம்மா" என்றாள். சண்டை போடவில்லை, கேட்டுவிட்டுப் போய்விட்டாள். தேறமாட்டாய் என்று தெரிந்தால் தேதியோடு, தேறும் வழியோடு, தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடு. அன்றைக்கு அவன் அழட்டும்.

8. நல்லதைப் பார்த்தால் அன்றைக்கே சொல்.

கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்த காலம். ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன் தரையிலிருக்கும் நோயாளியிடம் பேசும்போது தானும் குந்தி உட்கார்ந்துதான் பேசுவான். நாங்கள் எல்லாரும் நின்றபடி கீழே குனிந்து பேசுவோம். மனசுக்குள் மெச்சிக்கொண்டேன், வாயைத் திறந்து சொல்லவில்லை. நல்லது செய்கிறவனுக்குத் தெரியாதா என்ன என்று நினைப்பு. பதினைந்து வருஷம் கழித்துத் திருத்தணி ரயில் நிலையத்தில், சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது, அவனைப் பார்த்தேன். குடும்பத்தோடு சாமி கும்பிட வந்திருந்தான். அந்தக் குந்தி உட்காருவதைச் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதுக்கு டைம் வேஸ்ட் பண்றேன்னு ஒரு சீனியர் சொன்னாரு மேடம். நானும் விட்டுட்டேன். நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். வண்டி வந்துவிட்டது.

9. கோபம் வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வா.

எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார், சர்க்கரைக்காக வந்தவர், கையில் கட்டு. அதைப் பார்த்து ஒரு மாணவன் சிரித்தான். எனக்குச் சுரீர் என்றது. திட்ட வாயெடுத்தவள், அன்றைக்கு ஏதோ நல்ல வேளை, கேன்டீனுக்குப் போய்விட்டேன். டீயின் பாதியில்தான் ஞாபகம் வந்தது: அவன் வயதில் நானும் இதே கட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். திரும்பி வந்து அவனிடம், "ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கே போனார் என்று கேட்டுவிட்டு வா. வாதாடாதே, கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றேன். இருபது நிமிடம் கழித்து வந்தான். ஆஸ்பத்திரியில் படமெடுக்க எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள், புத்தூரில் கையைத் தொட்டுப் பார்த்தார்கள் என்றாராம் பெரியவர். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இப்போது மனப்பாங்கு, அறம், பேச்சு என்று ஏட்காம் பாடமே தனியாக வைத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பாடத்தை வகுப்பறையில் படித்துவிட்டு வரும் பிள்ளை, வார்டில் நீ நோயாளியிடம் எப்படிப் பேசுகிறாய் என்பதைத்தான் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

10. உன்னைத் திருத்தச் சொல்லிக் கேள்.

செப்டம்பர் 5 வருகிறது. 1888-ல் இந்த ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணனின் நாள், 1962-லிருந்து ஆசிரியர் தினம். 1921-ல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனபோது, பூ அலங்காரம் செய்த வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள் என்ற கதையை இந்த ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். உனக்கும் அன்றைக்குப் பூ வரும், கேக் வரும். பூ கொடுக்கிற கையால் யாரும் உன் குறையை எழுதித் தரமாட்டார்கள், நீயாகக் கேட்டாலொழிய.

எங்கள் காலத்தில் எம்.டி. முடித்த மறுநாளே ஆசிரியர். பாடம் சொல்வது எப்படி என்று அதற்கு முன் யாரும் சொல்லித் தரவில்லை. மருத்துவ ஆசிரியர்களுக்கென்றே 1970களின் நடுவில் புதுச்சேரி ஜிப்மரில் ஒரு பயிற்சி மையம் தொடங்கியிருந்தார்கள். நான் அங்கே எட்டிப் பார்த்தது வேலையில் சேர்ந்து பதினொரு வருஷம் கழித்து. அங்கேதான் முதல் தடவையாக இன்னொருவர் என் வகுப்பை உட்கார்ந்து பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் என் பேட்ச் பிள்ளைகளிடம் பெயரில்லாமல் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதச் சொன்னேன். ஒரு சீட்டு இன்னும் வைத்திருக்கிறேன்: "மேடம், நீங்க கேள்வி கேட்டுட்டு பதில் வரதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடறீங்க." நம்பவில்லை. மறுநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இரண்டு விநாடிதான் பொறுத்தேன். பத்து விநாடி பொறுக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

உனக்கு இது இன்னும் அவசியம். 2022 ஜனவரி 12-ல் நம் மாநிலத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், நம் திருவள்ளூரிலும் ஒன்று. உன் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு ஆசிரியர் வேலை கிடைக்கிற காலம் இது. தலைக்கு மேலே நின்று உன்னைப் பார்க்க ஆள் இருக்காது. பக்கத்து யூனிட்டில் உன் வயதில் ஒருத்தி இருப்பாளே, மாதம் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு உன் வகுப்பின் ஓரத்தில் நிறுத்து. அவள் வகுப்பில் நீ போய் நில்.

இவ்வளவுதான் தோன்றியது. ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. நீ கட்டைத் திரும்பக் கட்டும்போது மூன்று லாக் புக்குகளை ஊஞ்சலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மூன்றிலும் நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பிள்ளைகள் மட்டும் போட்டிருக்கிறார்கள். பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மூன்று பேரையும் ஒரு நோயாளியிடம் நிறுத்திப் பத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ.

உன்
பெரியம்மா